சினிமாவில் பாய் வந்தாலே குண்டுதானா?

சத்துவாச்சாரிக்காரன்:
2013 ஜனவரியில் கமலின் ‘விஸ்வரூபம்’ படம் வர இருந்த நேரத்தில், முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்ததால் கலெக்டர்கள் 144 போட்டு நிறுத்தினார்கள். பிப்ரவரியில்தான் வந்தது. அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன்: கதைக்குத் தடை போடுவது அராஜகம். 1998இல் கோயம்புத்தூர் குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தது கற்பனையா?

மேல்விஷாரம் பையன்:
தடை போடச் சொல்லி நான் எங்கே கேட்டேன் அண்ணா? குண்டு வெடிக்கும் முன்னால் தொழுகைக் காட்சி எதற்கு என்றுதான் கேட்டேன். பாங்கு சத்தம் வந்தாலே வில்லன் வரப்போகிறான் என்று தியேட்டரே நிமிர்ந்து உட்காருகிறது. போன மாதம் ஜும்மா முடிந்து நேராக மேட்னிக்குப் போனோம். இடைவேளையில் டீ வாங்க எழுந்த சித்தப்பா, தொப்பியைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தோல் ஷாப்பில் முப்பது வருஷம் உழைத்த மனுஷன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவராகவே செய்தார்.

சத்துவாச்சாரிக்காரன்:
அது அவருடைய கூச்சம் தம்பி. டைரக்டர் என்ன பண்ணுவார்?

கோட்டை அகழி:
கூச்சமா? 2021இல் ஓர் இந்தி வெப் சீரிஸ் ஈழத்தமிழர்களைக் கேவலமாகக் காட்டுகிறது என்று, டிரெய்லரைப் பார்த்தே நம் மாநில அரசு தடை கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதியது. அப்போது அராஜகம் என்றீர்களா?

சத்துவாச்சாரிக்காரன்:
அது வேறு விஷயம்.

கோட்டை அகழி:
சரி, நம்ம வேலூர்க் கோட்டைக்கே வாங்க. சிப்பாய்களிடம் வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகள், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்றார்கள். 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதுவும் தொப்பிச் சண்டைதான்! ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி அடக்கினான். கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் சதி என்று சொல்லி அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் கில்லெஸ்பிக்கு வீரப்பாட்டு. இங்கே வேலூர் மக்கான் பக்கம் நினைவுத் தூண் நிற்பது சிப்பாய்க்கு. ஒரே ராத்திரி, இரண்டு கதை.

சத்துவாச்சாரிக்காரன்:
தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களையும் ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் சுட்டார்களே, அதைக் காட்டுவீர்களா?

கோட்டை அகழி:
காட்டட்டும். தலைப்பாகையையும் சேர்த்துக் காட்டட்டும். டிவியில்தான், சந்தேகத்தில் ஒரு பாயைப் போலீஸ் பிடித்த அன்றைக்கு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவான், விட்ட அன்றைக்கு ஒரு வரி வராது.

மேல்விஷாரம் பையன்:
‘நல்ல முஸ்லிம்’ போலீஸ்காரர் ஒருத்தரை வைத்து, கிளைமாக்சில் நாட்டுக்காகச் சாகடிப்பதும் அலுத்துவிட்டது. கதையில் வரும் பாய் குண்டும் வைக்க வேண்டாம், குண்டடியும் பட வேண்டாம். ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது, பொண்ணு ஃபீஸ் கட்டணும் என்று புலம்பட்டும்.

சத்துவாச்சாரிக்காரன்:
அந்தப் படத்துக்கு எவன் தம்பி டிக்கெட் வாங்குவான்?