ஆகஸ்டில் மால்டா: எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, ராத்திரி எங்கே போவது?

நெய்தல்78:
ஆகஸ்ட் 12 முதல் 17 வரை மால்டா போகிறோம். நான், மனைவி, அம்மா மூன்று பேர். டிக்கெட் போட்டாச்சு, தங்குமிடம்தான் இன்னும் முடிவாகவில்லை. பாச்சவில் பக்கம் எடுங்கள், ராத்திரி கலகலப்பாக இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். மனைவிக்கு ராத்திரி பாட்டு, வெளிச்சம், கூட்டம் என்று சுற்ற வேண்டும். எனக்கு மீன். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். 15ஆம் தேதி ஏதோ விழா, கடையெல்லாம் மூடிவிடுவார்கள் என்று படித்தேன், அன்றைக்கு அறையிலேயே இருக்க வேண்டியதுதானா?

கடற்காகம்:
நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தவன் சொல்கிறேன், அந்த ஒரு நாளுக்காகவே மால்டா போகலாம். 15ஆம் தேதி சாந்தா மரியா, மாதாவின் விண்ணேற்பு விழா. மோஸ்டா, அட்டார்ட், குட்யா, கோசோ தீவின் விக்டோரியா என்று பல ஊர்களில் ஒரே நாளில் நடக்கும். அந்த மக்களுக்கு அது வெறும் விடுமுறை இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1942இல் தீவே பட்டினியில் கிடந்தபோது, உதவிக்கு வந்த கப்பல் கூட்டத்தில் குண்டடி பட்ட ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல், இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடிக்க, சரியாக ஆகஸ்ட் 15 அன்று தலைநகர் வலேட்டாவின் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்தக் கப்பல் கூட்டத்தை இன்றும் சாந்தா மரியா கான்வாய் என்றுதான் சொல்வார்கள்.

14 ராத்திரியே ஏதாவது ஒரு ஊருக்குப் போய்விடுங்கள், வாணவேடிக்கை பெரும்பாலும் அன்றுதான். தெருவில் கம்பம் நட்டு, சக்கரத்துக்குள் சக்கரமாகச் சுழலும் மத்தாப்பும் விடுவார்கள், அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மறுநாள் மாலை சிலையைத் தோளில் தூக்கி வருவார்கள், முன்னால் பேண்டு, மேல்மாடியிலிருந்து கொட்டும் காகிதத் துண்டுகளில் கணுக்கால் புதையும். ஓரத்தில் இம்க்காரெட் வண்டி நிற்கும். பேரீச்சம்பழ விழுதைச் சோம்பு போட்டு மாவில் பொதிந்து, சாய்சதுரமாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. சட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள், அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும், இரண்டு நிமிடம் பொறுங்கள்.

மாலதி_ர:
பாச்சவில் வேண்டவே வேண்டாம், அம்மாவை வைத்துக்கொண்டு நிச்சயமாக வேண்டாம். போன முறை அங்கே ஒரு ஹோட்டலில் "அமைதியான அறை" என்று சொல்லிக் கொடுத்தார்கள், விடியற்காலை நான்கு மணி வரை படுக்கையே அதிர்ந்தது, கேட்டதற்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று பதில். அங்கே 17 வயதிலேயே குடிக்கலாம், கோடையில் ஆங்கிலம் படிக்க வரும் ஐரோப்பியப் பிள்ளைகள் மொத்தப் பேரும் அந்த இரண்டு மூன்று தெருவில்தான். இருபது வயதில் போனால் சரி.

வலேட்டாவிலேயே தங்குங்கள். ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு குறுகலான சந்து, பிரிட்டிஷ் காலத்தில் கப்பல்காரர்கள் குடித்துக் கூத்தடித்த இடம், இப்போது சின்னச் சின்ன பார்கள், பாட்டு. உங்கள் மனைவிக்கு அது பிடிக்கும். அம்மா களைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் அறைக்கு நடந்துவிடலாம். படிக்கட்டு ஏற்றம் அதிகம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காகம்:
சாப்பாடு சொல்ல மறந்துவிட்டேன். அங்கே மீன் என்றால் லம்பூக்கி, அதாவது மாஹி மாஹி. அதன் பருவமே ஆகஸ்ட் 15க்குத்தான் தொடங்கும். பனையோலை மிதவையைக் கடலில் விட்டால் நிழலுக்கு மீன் ஒதுங்கும், சுற்றி வலை போடுவார்கள். 13ஆம் தேதி யாராவது "இன்று பிடித்த லம்பூக்கி" என்று தட்டை நீட்டினால் நம்பாதீர்கள், கடைசி நாட்களில் கேளுங்கள். ஞாயிறு காலை மார்சாஷ்லொக் மீன்சந்தை, சீக்கிரம் போக வேண்டும்.

அம்மாவுக்கு பஸ்டிட்ஸி, நம் பஃப்ஸ் மாதிரி. பட்டாணி வைத்தது ஒன்று, ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று. ஆனால் பன்றிக்கொழுப்பு போட்டு மாவு பிசையும் கடையும் உண்டு, ரிக்கோட்டாவில் முட்டை கலப்பதும் உண்டு, இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிகில்லா என்று, மொச்சை மாதிரியான ஒரு பயற்றை அவித்துப் பூண்டு போட்டு மசித்துத் தருவார்கள், ரொட்டியோடு நன்றாக இருக்கும். ரொட்டியில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்டுத் தருவதில் சூரைமீன் வைத்துவிடுவார்கள், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நெய்தல்78:
மாலதி, கடற்காகம், இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வலேட்டாவில் அறை போட்டுவிட்டேன். ஒரே பயம், அம்மாவுக்கு வெடிச் சத்தம் ஆகாது, தீபாவளிக்கே கதவைச் சாத்திக்கொள்வார்.

கடற்காகம்:
அப்படியென்றால் விழா ஊர்களில் பகலில் அம்மாவை நிறுத்தாதீர்கள், அங்கே காலை எட்டு மணிக்கே அதிர்வெட்டு போடுவார்கள், மத்தியானமும் உண்டு. 14 ராத்திரி நீங்களும் மனைவியும் போங்கள். 15 மாலை சிலை கோயிலைவிட்டு வெளியே வரும் நேரத்திலும் வெடி உண்டு, அது முடிந்தபிறகு அம்மாவைக் கூட்டிப்போங்கள், பேண்டு சத்தம்தான் மிச்சமிருக்கும். ஊர்ச் சதுக்கத்தில் பேண்டு கிளப் ஒன்று இருக்கும், உள்ளே உட்காரவைத்து "தே ஃபித்தாட்ஸா" கேளுங்கள். கண்ணாடி டம்ளரில் பால் விட்ட டீ, நம் டீக்கடை டீ மாதிரியே இருக்கும்.