டிராக்டர் டயருக்குச் செயின் போட்டவங்க வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

டக்ஹில்காரன், நியூயார்க் மாநிலம்

நவம்பர் வந்தாச்சு. அமெரிக்கா, கனடா பக்கம் கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கி, காம்பாக்ட் டிராக்டரும் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் இப்போது ஓரளவு சேர்ந்துவிட்டோம். ஆனால் பனிக்காலத்துக்கு டயரில் செயின் மாட்டுவது பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். என் கதையை முதலில் சொல்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

நான் இருப்பது ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே, டக் ஹில் மேட்டு நிலத்தின் ஓரம். ஏரியைத் தாண்டி வரும் குளிர்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, மேட்டில் ஏறும்போது மொத்தத்தையும் எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகும். வாசலிலிருந்து ரோடு வரை இறக்கம். வண்டி சின்னது, பின் டயர் 26×12-12, ஆர்4. முன்னால் லோடர், பின்னால் பிளேடு.

புதுப் பனியில் ஃபோர் வீல் டிரைவ் போதும், செயினே வேண்டாம். பகலில் இளகி, ராத்திரி இறுகி, அதன் மேல் காரும் ஏறி இறங்கி மழமழவென்று ஆன பிறகுதான் வம்பு. ஆர்4 கட்டுமான வேலைக்கென்று வந்த டயர். லக்குகள், அதாவது டயரின் மேட்டுப் பற்கள், அகலம், ரப்பர் கெட்டி. இடுக்கில் பனி அப்பிக்கொண்டால் பிடிமானம் போச்சு. ஏற முடியாவிட்டால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், அவ்வளவுதான். இறங்கும்போது நடப்பது வேறு. ஹைட்ரோஸ்டாட் (எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை ஓட்டும் அமைப்பு) பெடலிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் நிற்கிறது, வண்டி நிற்பதில்லை. தபால்பெட்டி வரை சீட்டில் உட்கார்ந்தபடியே போனேன், ஸ்டியரிங் வெறும் அலங்காரம்.

நான் வாங்கியது ஏணிச் செயின். இரண்டு பக்கமும் நீளச் செயின், நடுவில் குறுக்குச் செயின்கள். பக்கச் செயினின் நாலு கண்ணிக்கு ஒரு குறுக்குச் செயின் வருவது விலை குறைவு. இரண்டு கண்ணிக்கு ஒன்று வருவது விலையும் எடையும் கூடுதல். நாலு கண்ணியில் ஒரு குறுக்குச் செயினுக்கும் அடுத்ததுக்கும் நடுவே தரையில் படுவது வெறும் ரப்பர். அந்த இடைவெளியில் சக்கரம் வழுக்கும், அடுத்தது வந்து கவ்வும், தட் தட் தட் என்று முதுகுத்தண்டு வரை அடி. இரண்டு கண்ணி வாங்குங்கள் என்பது என் கட்சி.

தலைவலி கொடுத்தது இடம்தான். இந்தச் சைஸ் வண்டிகளில் பின் டயரின் உள்பக்கத்துக்கும், பின்னால் கருவிகளை மாட்டும் த்ரீ பாயின்ட் கொக்கியமைப்பின் கீழ்க்கைக்கும் நடுவே இடம் ரொம்பக் குறைச்சல். கடையில் "தாராளமாக மாட்டிக்கொள்ளும்" என்றார்கள். வீட்டில் டேப் வைத்தால் குறுகலான இடத்தில் ஒரு அங்குலம்கூட இல்லை. கண்ணியின் தடிமனை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது; சுற்றும்போது செயின் வெளியே வீசும், கீழ்க்கையும் பக்கவாட்டில் ஆடும். மட்கார்டு, கீழ்க்கை, பிரேக் கம்பி, எல்லாப் பக்கமும் 2 அங்குலம் இருந்தால் நிம்மதி. எனக்கு அது இல்லாததால் வீல் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினேன். ஸ்பேசர் விலை செயின் விலையைத் தொட்டுவிட்டது. ஆனால் வண்டி அகலமாகக் கால் பரப்பி நிற்பதால் சரிவில் பயம் குறைந்தது, அந்தக் காசு எனக்கு வீணாகத் தெரியவில்லை.

இன்னொரு சின்ன பெருமை. டயர் செயினுக்கு 1904இல் பேட்டன்ட் வாங்கிய ஹாரி வீட் எங்களுக்குத் தெற்கே இருக்கும் கனஸ்டோட்டா ஊர்க்காரர். இந்தப் பனியில் வாழ்ந்தவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

மஸ்கோகா பெரியப்பா, ஒன்ராறியோ

தம்பி, நல்லாச் சொன்னியள். நான் ஹன்ற்ஸ்வில் பக்கம். என்ர வண்டி உங்கடயை விடப் பெரிசு, பின் ரயர் 15-19.5, அதுவும் ஆர்4தான். பின்னுக்கு சினோ புளோவர். செயினும் உங்களைப் போல ரெண்டு கண்ணி ஏணிதான். மாட்டிற விதத்தை ஒருத்தரும் விளக்கமாச் சொல்லுறேல்லை, அதை நான் சொல்லுறன்.

செயினை நிலத்தில விரிச்சுப்போட்டு, மேல வண்டியை ஏத்தி மாட்டச் சொல்லி வீடியோவில காட்டுவினம். காருக்குச் சரி. ரக்ரர் செயினை அப்பிடி இழுத்துப் பொருத்த என்ர வயசில ஏலாது. நான் கராஜுக்குள்ள சமதரையில நிப்பாட்டி, லோடரையும் புளோவரையும் நிலத்தில இறக்கி, திறப்பைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போட்டிடுவன். மற்ற மூண்டு சில்லுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை. பின் அச்சை ஒரு பக்கம் ஜக்கால உயர்த்தி, கீழ ஸ்ராண்ட் வைச்ச பிறகு, ரேஞ்ச் லீவரை நியூட்ரலில விட்டு, ஃபோர் வீலையும் பிரேக்கையும் விடுவிச்சால் சில்லு கையால சுத்தும்.

செயினைச் சில்லுக்கு மேல போர்த்து, முன்னுக்கு வாற நுனியை ஒரு துண்டுக் கயித்தால லக்கோட கட்டிப்போட்டு மெதுவாச் சுத்துங்கோ, செயின் தானாச் சுத்தி வரும். கொக்கியின்ர வாய் ரயரைப் பாக்கக்கூடாது, வெளியால பாக்கவேணும், இல்லாட்டி ரயரின்ர விலாவைச் சுரண்டிப்போடும். முதல்ல உள்பக்கக் கொக்கி. சனியன் பிடிச்ச வேலை அதுதான். கண் போகாது, கை மட்டும் போகும். கிறீஸும் போன வருசத்துச் சேறும் நகத்துக்குள்ள ஏறும். உள்பக்கம் எத்தினையாம் கண்ணியில கொழுவினனீங்கள் எண்டு எண்ணி வைச்சு, வெளிப்பக்கமும் அதே கண்ணியில கொழுவினால்தான் குறுக்குச் செயின் நேரா நிக்கும்.

ரயரில காத்தைக் கொஞ்சம் இறக்கிப்போட்டுக் கொழுவி, பிறகு காத்தடிச்சால் செயின் நல்லா இறுகும். ரயருக்குள்ள பாரத்துக்குத் தண்ணி விட்டிருந்தால் வால்வை 12 மணிக்குக் கொண்டுவந்திட்டுத் திறவுங்கோ, இல்லாட்டி முகம் கழுவலாம். மிஞ்சித் தொங்கிற கண்ணியைக் கம்பியால கட்டுங்கோ, இல்லாட்டி வெட்டுங்கோ. முத்தத்தில ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து திரும்பவும் இறுக்கோணும்.

என்ர பாதை கிறவல், எனக்குக் கவலை இல்லை. இன்ரலொக் கல்லு பதிச்ச ஆக்கள் குறுக்குக் கண்ணியில வி-பார் எண்ட இரும்புப் பல்லு ஒட்டின செயினை வாங்காதேங்கோ. ஐசைக் கடிக்கிற பல்லு கல்லையும் கடிக்கும். கராஜ் சீமெந்துக்கு நான் பழைய பிளைவூட் விரிச்சிருக்கிறன்.

மேப்பிள் அக்கா, வெர்மான்ட்

பெரியப்பா சொன்ன உள்பக்கக் கொக்கிக்கு என் கை நகங்கள் சாட்சி.

நீங்கள் இரண்டு பேரும் ஆர்4 ஆட்கள். என்னுடையது ஆர்1, வயல் டயர், சாய்வான உயர லக். இதில் ஏணிச் செயின் போட்டால் குறுக்குச் செயின் பல்லிடுக்கில் பாக்கு போல இரண்டு லக்குக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். தரையில் படவே படாது. புல்வெளி டயர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் ஏணி சமமாக உட்காரும். ஆர்1 வைத்திருப்பவர்கள் சாய்சதுரமாகப் பின்னிய டயமண்ட் வகையோ, குறுக்குச் செயின்களை நடுவில் நீளவாட்டில் இணைத்த வகையோதான் பார்க்க வேண்டும். லக் மேலேயே வலை மாதிரி நிற்கும்.

எனக்கு டயமண்ட் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்களுக்குக் கொஞ்சம் மேப்பிள் தோப்பு. இரவில் உறைந்து பகலில் இளகும் மார்ச் மாதத்தில்தான் மரத்தில் சாறு இறங்கும். பாதை கண்ணாடியாவதும் அதே மாதத்தில், அதே காரணத்தால். ஒரு கேலன் சிரப்புக்குச் சுமார் 40 கேலன் சாறு வேண்டும், அத்தனையும் தோப்புக்குள்ளிருந்து டேங்க்கில் இழுத்து வரணும். பாதை மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஏணிச் செயின் முன்னும் பின்னும் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் சறுக்குவதைத் தடுக்காது. டேங்க்கில் சாறு தளும்பும்போது வண்டியின் பின்பக்கம் பள்ளத்துப் பக்கம் மெதுவாக நழுவினால் அடிவயிறு கலங்கும். டயமண்டில் எந்தத் திசையில் நழுவப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கண்ணி குறுக்கே நிற்கும்.

நான் எடுத்தது நார்வேக்காரர்களின் டிரிக், கண்ணிகளில் கூர்முனை வைத்தது. காட்டு வேலைக்கு அந்த ஊர்க்காரர்கள் செய்வதை நம்பலாம். விலை ஏணியைவிட இரண்டு மூன்று மடங்கு. பில்லைப் பார்த்த வீட்டுக்காரர் என்னிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டேங்க் கவிழ்ந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானம்.

இடம் போதுமா என்று டேப்பில் அளந்தாலும், ஓட்டிய பிறகு கீழ்க்கையின் டயர்ப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். செயின் தொட்டிருந்தால் பெயின்ட் போய் வெள்ளிக்கோடு மாதிரி பளபளக்கும், அதன் ஓரத்தில் மறுநாளே செம்பழுப்பாகத் துரு பூக்கும். எனக்கு இடது பக்கம் மட்டும் அப்படி இருந்தது. பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டும் ஸ்டெபிலைசரை இறுக்கினதும் சரியானது.

கீவினா தம்பி, மிச்சிகன்

அண்ணா, அக்கா, பெரியப்பா, எல்லோருக்கும் வணக்கம். இங்கே பனி சுப்பீரியர் ஏரியிலிருந்து வருகிறது, அக்டோபரிலேயே தலைகாட்டிவிடும். எனக்கும் 26×12-12தான், முன்னால் 18×8.5-10. ஒரு சந்தேகம். லோடர் முன்னால் இருக்கிறது, பக்கெட்டில் பனி அள்ளினால் பாரம் எல்லாம் முன் சக்கரத்தில்தானே? அப்போது செயினை முன்னால் போட்டால் என்ன? சின்ன டயர், விலையும் குறைவு.

டக்ஹில்காரன்

தம்பி, ஒரு ஜோடிதான் வாங்கப்போகிறாய் என்றால் பின்னால் போடு. இந்த வண்டிகளில் பிரேக் பெரும்பாலும் பின் அச்சில் மட்டும். முன்னால் பிடிமானம், பின்னால் வழுக்கல் என்று இறக்கத்தில் இறங்கினால் பின்பக்கம் உன்னை முந்தப் பார்க்கும். அதோடு முன் அச்சு மேலும் கீழும் ஆடுகிற அச்சு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு பக்கம் மேட்டில் ஏறினால் டயர் லோடர் சட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று இறங்கிப் பார். அங்கே செயின் நுழையாது. முன் அச்சின் கியர்களும் சின்னவை. கையேட்டில் முன் செயின் வேண்டாம் என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடு.

இறங்கும்போது லோ ரேஞ்ச், ஃபோர் வீல் போட்டே இரு. முன் சக்கரமும் சேர்ந்து பிடித்து நிறுத்தும். பக்கெட்டைத் தரைக்கு ஒட்டி வை.

சமதரைக்காரன், மினசோட்டா

எல்லோரும் செயின் செயின் என்கிறீர்கள், நான் எதிர்க்கட்சி. ரெட் ரிவர் சமவெளியில் எனக்கு ஒரு மேடு காட்டுங்கள், செயின் வாங்கிக்கொள்கிறேன். இங்கே பனி மாவு மாதிரி காய்ந்தது, காற்றில் ஓடும். என் பாதை தார். செயின் போட்டால் தாரும் கெடும், வெற்றுத் தாரில் ஓடிச் செயினும் தேயும்.

நான் செய்தது பாரம் ஏற்றினதுதான். பின் டயருக்குள் சர்க்கரை பீட் சாறு. எங்கள் சுற்றுவட்டாரம் முழுக்கப் பீட் வயல்தானே. ஒரு கேலன் கிட்டத்தட்ட 11 பவுண்ட், தண்ணீரோ 8.3தான். கால்சியம் குளோரைடு உப்புக்கரைசல் மாதிரி ரிம்மை அரிக்காது. த்ரீ பாயின்ட்டில் கான்கிரீட் ஊற்றிய பெட்டி ஒன்று தொங்குகிறது. டயர் காற்றையும் குளிர் வந்ததும் பாருங்கள். 20 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். 14, 15 பிஎஸ்ஐயில் ஓடுகிற டயருக்கு அது சின்ன விஷயமில்லை.

மேப்பிள் அக்கா

சமவெளிக்கு நீங்க சொல்வது சரி. சரிவில் இருப்பவர்களுக்கும் பாரம்தான் முதல் செலவு, செயின் அடுத்தது. பின்னால் ஒன்றும் தொங்காமல் பக்கெட்டில் மட்டும் சுமந்தால் பின் சக்கரம் தரையை அழுத்தாது. எவ்வளவு நல்ல செயினாக இருந்தாலும் சும்மா உரசும். ஆனால் வெறும் ஐசில் பாரம் மட்டும் போதும் என்று மட்டும் யாரும் நினைக்காதீங்க. கனத்த வண்டி இறங்க ஆரம்பித்தால் நிற்க இன்னும் நேரமாகும்.

கீவினா தம்பி

நன்றி. இன்று வெயில் இருந்ததால் வெளியே போய் அளந்தேன். உள்பக்கம் வலது 1¼ அங்குலம், இடது அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் முதலில் ஸ்பேசர், பிறகு இரண்டு கண்ணி ஏணி. ஸ்பேசர் போட்ட பிறகு போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்?

மஸ்கோகா பெரியப்பா

ஸ்பேசரோட வாற தாளிலயும் உங்கட வண்டிக் கையேட்டிலயும் இருக்கிற அளவுக்கு ரோர்க் ரெஞ்சால இறுக்குங்கோ, அண்ணளவாப் போடாதேங்கோ. கொஞ்ச மணித்தியாலம் ஓடின பிறகு திரும்பவும் பாக்கோணும், முதல் தரம் கட்டாயம் இளகும். செயினை இப்பவே ஓடர் பண்ணுங்கோ தம்பி, டிசம்பரில உங்கட சைஸ் கடையில இராது. ரெண்டு மூண்டு திருத்துக் கண்ணியும் சேத்து எடுத்து வையுங்கோ. குறுக்குச் செயின் அறுந்தால் அறுந்த நுனி மட்கார்டை அடிச்சே கிழிச்சுப்போடும், உடன நிப்பாட்டிக் கொழுவ அது கையில இருக்கோணும்.