குடும்பக் குழு: சைக்கிள் டிரெஸ் கம்மி விலையில வாங்கலாமா?

நித்யா: எல்லாருக்கும் ஒரு கேள்வி. சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சிருக்கேன்ல, அரை மணி நேரம் தாண்டினாலே உக்கார்ற எடத்துல செம வலி. ஆன்லைன்ல ஜெர்சி, பேடட் ஷார்ட்ஸ் (உக்கார்ற எடத்துல மெத்தை மாதிரி பேட் வச்சது), க்ளவுஸ் மூணும் சேர்த்து ஒரே செட்டா ரொம்ப கம்மி விலைக்கு வருது. வாங்கலாமா, காசு வேஸ்ட்டா?

அகிலன்: வாங்குக்கா. இப்பதானே ஆரம்பிச்சிருக்க, எடுத்த உடனே எதுக்கு பெரிய செலவு?

பெரியப்பா: சைக்கிளுக்குன்னு தனி டிரெஸ் எதுக்கும்மா? நாங்க வேலைக்குப் போனதே சைக்கிள்லதான். பேன்ட் சட்டையோட. ஒரு வலியும் வந்ததில்ல.

முரளி மாமா: அண்ணே, அந்த சைக்கிளுக்கு நீங்க சொல்றது ரொம்ப சரி. நிமிர்ந்து உக்காருவோம், சீட் அகலம், அடியில ஸ்பிரிங் வேற. இப்பவும் அந்த மாதிரி சைக்கிள்ல பக்கத்துல போய்ட்டு வர எதுவும் தேவையில்ல. நித்யாவோடது குனிஞ்சு ஓட்டற சைக்கிள், சீட்டும் ஒடுக்கம். பாரம் விழற எடமே மாறிடுது.

முரளி மாமா: நித்யா, துணிக்கு முன்னாடி சீட்டைப் பாரும்மா. பெடல் அடியில இருக்கறப்போ குதிகாலை அதுமேல வச்சா கால் நேரா நீளணும். ஓட்டறப்போ இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுச்சுன்னா சீட் அதிக உயரம். சீட்டோட மூக்கு தூக்கியிருந்தா முன்பக்கம் அழுத்தும், மட்டமா வை. இதெல்லாம் சரியில்லன்னா எவ்ளோ விலை குடுத்து வாங்கினாலும் வலிக்கத்தான் செய்யும்.

நித்யா: மூக்கு தூக்கித்தான் இருக்கு மாமா! இன்னிக்கே மட்டமாக்கறேன். அப்போ ஷார்ட்ஸ் வேண்டாமா?

முரளி மாமா: ஷார்ட்ஸ் வேணும். செட்தான் வேண்டாம். மூணு பொருளையும் அவ்ளோ கம்மி விலையில குடுக்கணும்னா எங்கயாவது கை வைக்கணும்ல, பெரும்பாலும் பேட்லதான் வைப்பாங்க. படத்துல அது தெரியாது.

அகிலன்: அந்த செட்ல பேட் நல்லா மொத்தமா இருக்கே மாமா, படத்துல பாத்தேன்.

முரளி மாமா: பேட் தடிமன்ல ஒண்ணுமில்லடா. உக்காரும்போது பாரம் பூரா இடுப்பெலும்போட அடியில இருக்கற ரெண்டு முனை மேலதான் நிக்கும். அந்த எடத்துல ஃபோம் கெட்டியா இருக்கணும். சாதா ஸ்பாஞ்சு எவ்ளோ மொத்தமா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல தட்டையாயிடும், அப்புறம் இருந்தும் இல்லாத மாதிரிதான். மொத்தம் அதிகமானா தொடைக்கு நடுவுல மடிஞ்சு உரசும், அது இன்னும் கஷ்டம். கட்டை விரலால நல்லா அமுக்கிப் பாரு. எடுத்ததும் டக்குனு மேல வரணும்.

கவிதா அக்கா: மாமா சொன்னதோட இன்னொண்ணு. நித்யா, பொண்ணுங்களுக்குன்னு வர்றதையே எடு. நமக்கு அந்த எலும்பு ரெண்டுக்கும் இடைவெளி பொதுவா அதிகம், பேட் வடிவமே வேற. விலை கம்மியான செட்ல பல சமயம் ஒரே பேடைத்தான் ரெண்டு பேருக்கும் தைச்சு வச்சிருப்பாங்க. தையல் நேரா உக்கார்ற எடத்துல ஓடுதான்னும் உள்பக்கம் திருப்பிப் பாரு.

கவிதா அக்கா: முக்கியமானது: அதுக்குள்ள உள்ளாடை போடக்கூடாது.

அகிலன்: என்னக்கா சொல்ற???

கவிதா அக்கா: நெஜமாத்தான்டா. உள்ளாடையோட விளிம்புத் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். காட்டன்னா வேர்வையைப் பிடிச்சு வச்சுக்கும், ஈரத்தோல் இன்னும் சீக்கிரம் உரியும். பேட் நேரா உடம்புல படத்தான் செய்யறாங்க. அதனாலதான் ஒரு தடவை போட்டாலே துவைக்கணும், ஓட்டி முடிச்ச உடனே மாத்திடணும்.

சித்தி: அவ்ளோ டைட்டா போட்டுட்டு எப்படிடி வெளிய போவ?

கவிதா அக்கா: மேல லூசா ஒரு ஷார்ட்ஸோ டிராக் பேன்ட்டோ போட்டுக்கலாம் சித்தி. உள்ள போடறதுக்குன்னே மெல்லிசா பேட் வச்சதும் வருது. டிராக் பேன்ட்னா வலது காலை மட்டும் மடிச்சுக் கட்டிக்கணும், செயின்ல மாட்டும்.

நித்யா: தோள்பட்டை வச்ச மாதிரி பாத்தேன், பிப் ஷார்ட்ஸ்னு. அது எப்படி?

கவிதா அக்கா: பேட் நகராது, குனியறப்போ வயித்துல எலாஸ்டிக் அமுக்காது. ரொம்ப நேரம் ஓட்டறவங்களுக்கு அருமை. ஆனா பாத்ரூம் போக மேல போட்டதையும் கழட்டணும். உனக்கு இப்போதைக்கு சாதா ஷார்ட்ஸே போதும்.

பெரியப்பா: ஜெர்சியும் வாங்கணுமா?

முரளி மாமா: வேண்டாம்ணே. ஜிம்முக்குப் போடற பாலியஸ்டர் டி-ஷர்ட் இருந்தாலே வேர்வை சீக்கிரம் காஞ்சிடும். காட்டன் மட்டும் வேண்டாம், நனைஞ்சா நனைஞ்சபடியே முதுகுல ஒட்டிக்கும். ஜெர்சியில கூடுதலா கிடைக்கறது முதுகுப்பக்கப் பாக்கெட், குனிஞ்சா இடுப்பு தெரியாத நீளம். அது அப்புறம் வாங்கிக்கலாம்.

முரளி மாமா: க்ளவுஸ் கம்மி விலையே போதும். உள்ளங்கையில சுண்டுவிரல் பக்கமா ஒரு நரம்பு போகுது, ஹேண்டில் அங்க அழுத்தினா விரல் மரத்துப்போகும். விழுந்தாலும் முதல்ல ஊனறது கையைத்தானே.

அகிலன்: ஹெல்மெட்டும் கம்மி விலைல ஓகேவா மாமா?

முரளி மாமா: ஓகே, ஆனா இஎன் 1078 மாதிரி ஒரு பாதுகாப்புத் தரச் சான்று உள்ள ஒட்டியிருக்கணும். விலை கம்மியோ ஜாஸ்தியோ, அந்த சான்றுக்கு பாஸ் ஆக வேண்டிய சோதனை ஒண்ணுதான். சான்று இல்லாதது இலவசமா குடுத்தாலும் வேண்டாம். ஒரு தடவை தலை அடிபட்டா ஹெல்மெட்டை மாத்திடணும், வெளிய கீறலே இல்லன்னாலும்.

கவிதா அக்கா: இருட்டுல போறதா இருந்தா கணுக்கால்ல கட்டற ரிஃப்ளெக்டர் பட்டி வாங்கு. விலை ரொம்ப கம்மி. கால் மேலயும் கீழயும் போறதால கார்ல வர்றவங்களுக்கு ஒரு ஆள் சைக்கிள் ஓட்டறாங்கன்னு உடனே புரியும். சட்டையில மட்டும் இருக்கறதை விட இது மேல். லைட்டும் கண்டிப்பா வேணும்.

நித்யா: செட்டை கார்ட்ல இருந்து எடுத்துட்டேன். ஷார்ட்ஸ் மட்டும் கொஞ்சம் நல்லதா ஒண்ணு. ஒண்ணு போதுமா?

முரளி மாமா: தாராளமா போதும். நைட் துவைச்சா காலையில காஞ்சிடும். உள்பக்கம் வெளிய திருப்பி, 30 டிகிரிக்கு மேல சூடில்லாத தண்ணில. அந்த இழுபடற துணி இருக்கே, லைக்ரா, அதுக்கு சூடு ஆகவே ஆகாது, இழுவை போயிடும். டிரையர்ல போடாத, நிழல்ல காயப்போடு. துணி மெத்துனு ஆக ஊத்துவாங்களே, கண்டிஷனர், அதுவும் கூடாது. வேர்வையை வெளிய கடத்தற தன்மை கெட்டுடும்.

சித்தி: வெளிச்சத்துல பிடிச்சு இழுத்துப் பாரு நித்யா, மெல்லிசா இருந்தா குனியறப்போ உள்ள தெரியும்.

கவிதா அக்கா: சூப்பர் சித்தி, அது ரொம்ப முக்கியம். நித்யா, டேப் வச்சு இடுப்பு, தொடை ரெண்டும் அளந்து எனக்கு தனியா அனுப்பு. சைஸ் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. லூசா இருந்தா பேட் நகரும், ரொம்ப இறுக்கினா தொடை விளிம்புல தழும்பு விழும். திருப்பி எடுத்துக்கறாங்களான்னு பாத்துட்டே ஆர்டர் போடு.

நித்யா: சரிக்கா. முதல்ல சீட்டை சரி பண்ணிட்டு நாளைக்கு ஓட்டிப் பாக்கறேன், அப்புறம் அளவு அனுப்பறேன்.