மீட் ஏரிக்கரையில் ஓர் இரவு: போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மன்னார்குடியிலிருந்து அப்பா, அம்மாவோடு டிசம்பரில் லாஸ் வேகாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் இருக்கும் மீட் ஏரியில், போல்டர் பீச் முகாமில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்பது அத்தானின் யோசனை.

அப்பாவுக்கு அந்த ஏரியைத் தேக்கி வைத்திருக்கும் ஹூவர் அணையைப் பார்த்தே ஆகவேண்டும். மேட்டூர் 1934, அது 1936, ஏறக்குறைய ஒரே வயசு என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா என்று ஒவ்வொரு வருஷமும் காத்திருந்த விவசாயி அல்லவா! 2022-ல் அந்த ஏரி வற்றிக் கிடந்த படத்தையும், பாறையில் தெரிந்த வெள்ளைப் பட்டையையும் காட்டினேன். முகம் வாடிவிட்டது.

என் கவலை குளிர்தான். பாலைவனம் என்றாலும் டிசம்பர் இரவில் 5 டிகிரி பக்கம் இறங்குமாம். நம்மவர்கள் மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிறவர்கள். வயதானவர்கள் கூடாரத்தில் படுக்க முடியுமா, இல்லை படுக்கை வசதியுள்ள வேன் வாடகைக்கு எடுப்பது நல்லதா? ஸ்லீப்பிங் பேக் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா? அப்புறம், அப்பா தூண்டில் போட ஆசைப்படுகிறார். சுற்றுலா விசாவில் வருகிறவருக்கு ஒரு நாள் மீன்பிடி உரிமம் வாங்கிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? டிக்கெட் போட்டாயிற்று, கூடாரமா வேனா என்பதுதான் பாக்கி.