எக்ஸ்போர்ட் போட்டதும் ஸ்கிரீன் கறுப்பாயிடுது – கார்டு போச்சா, எஸ்எம்பிஎஸ்ஸா?

காவேரிப்பட்டணம்_ஸ்டூடியோ:
வணக்கம்ங்க. கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். சிஸ்டம் ஐ5-10400, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு (செகண்ட் ஹேண்ட், பெங்களூருல வாங்கினது), கேபினெட்டோடவே வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி).

டைம்லைன்ல வேலை பாக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. எக்ஸ்போர்ட் குடுத்தா கொஞ்ச நேரத்துல மானிட்டர் "நோ சிக்னல்" காட்டுது, கார்டு ஃபேன் கிரைண்டர் மாதிரி இரையுது. ஆனா ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிட்டே இருக்கு! பவர் பட்டனை அழுத்திப் புடிச்சு அணைச்சாத்தான் உண்டு. டிரைவர் மாத்தியாச்சு, விண்டோஸ் புதுசா போட்டாச்சு, ரேமை ரப்பர்ல தேச்சாச்சு. ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் கோளாறு பதிவேடு) கெர்னல்-பவர் 41, அதாவது சிஸ்டம் ஒழுங்கா அணையலன்னு வருது. ஒரு கடையில காட்டினேன், பாத்ததுமே "கார்டு அவுட், வேற போடுங்க"ன்னுட்டாங்க. வைகாசி முகூர்த்த வேலை எல்லாம் தேங்கிக் கெடக்கு.

தருமபுரி_கேமர்:
ப்ரோ, கார்டைக் கழட்டி ஓவன்ல கொஞ்ச நேரம் வெச்சு எடுங்க. சால்டர் இளகி சரியாயிடும்.

ஓசூர்_சர்வீஸ்:
தம்பி, அந்த வேலையே வேணாம். அப்படிச் சூடு பண்ணினா சில நாள் ஓடுற மாதிரி தெரியும், அப்புறம் ரிப்பேருக்கே லாயக்கில்லாம போயிடும். பிளாஸ்டிக் கருகின புகையும் வீட்டுக்குள்ள.

ஸ்டூடியோ அண்ணா, அந்த 41ஐ வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. நீங்க பட்டனை அழுத்தி அணைச்சாலும் அதே 41தான் பதிவாகும். பாட்டு ஓடுதுன்னா ப்ராசஸர், போர்டு, விண்டோஸ் எல்லாம் உயிரோட இருக்கு, கார்டு மட்டும் பாதியில துண்டிச்சுக்குது. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடுறதும் அதனாலதான். கரண்ட் பத்தலன்னா இப்படித்தான் நடக்கும், கார்டே கெட்டிருந்தாலும் நடக்கும். ரெண்டுல எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்.

முதல்ல ஒரு போட்டோ போடுங்க. கார்டுல இருக்கிற 8-பின் சாக்கெட்டுக்கு ஒயர் எங்கிருந்து வருது? எஸ்எம்பிஎஸ் லேபிள்ல +12வி எதிரே எத்தனை ஆம்பியர்னும் பாருங்க. பெரிசா எழுதியிருக்கிற 450ஐ நம்பாதீங்க.

காவேரிப்பட்டணம்_ஸ்டூடியோ:
+12வி = 18ஏன்னு இருக்குங்க. எஸ்எம்பிஎஸ்ல 8-பின் ஒயர் கிடையாது. கார்டு வித்தவரே ஒரு கன்வெர்டர் குடுத்தார், ரெண்டு மோலெக்ஸ்ல (பழைய 4-பின் பவர் ப்ளக்) இருந்து 8-பின். இப்ப கழட்டிப் பாத்தா ஒரு மோலெக்ஸ்ல மஞ்சள் ஒயர் நுழையிற இடத்துல வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி லேசா குழைஞ்சிருக்கு. இன்னொண்ணு, கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு ஷாக் வேற அடிக்கும்.

ஓசூர்_சர்வீஸ்:
கார்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. 18 ஆம்பியரை 12ஆல பெருக்கினா 216 வாட். கார்டு மட்டும் 125 வாட். ஐ5-10400ல 65 வாட்னு போட்டிருந்தாலும் முழு வேகத்துல 134 வரைக்கும் இழுக்கலாம்னு இன்டெல்லே அனுமதிச்சிருக்கு. கூட்டினா 259. எடிட்டிங்ல ரெண்டும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகாது. எக்ஸ்போர்ட்லதான் ரெண்டும் சேர்ந்து இழுக்கும்.

அந்தக் கன்வெர்டரை இனி மாட்டவே மாட்டாதீங்க. பிளாஸ்டிக் குழையிற அளவுக்குச் சூடுன்னா தீப்பிடிக்கிற சமாச்சாரம். அவசர எக்ஸ்போர்ட்டுக்குக் கார்டையே கழட்டி வெச்சுட்டு எச்டிஎம்ஐயை மதர்போர்டுல குத்துங்க. உங்களுது "எஃப்" இல்லாத 10400, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கு. எக்ஸ்போர்ட்ல குயிக் சிங்க் (அந்த உள் கிராஃபிக்ஸை வெச்சே எக்ஸ்போர்ட் பண்ற வசதி) தேர்ந்தெடுங்க. கார்டு இல்லாம ஒழுங்கா முடிஞ்சா ப்ராசஸர், ரேம், போர்டு எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம்.

பிறகு 6+2 பின் ஒயர் (கார்டோட 8-பின் சாக்கெட்டுக்குச் சேர்றது) எஸ்எம்பிஎஸ்லயே வர்ற நல்ல 550 வாட் ஒண்ணு வாங்குங்க. ஷாக் அடிக்கிறது கார்டு கோளாறு இல்ல, பிளக் பாயின்ட்ல எர்த் வரல. எஸ்எம்பிஎஸ் மாத்தினாலும் அது போகாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

பர்கூர்_கிரானைட்:
நடுவுல கேக்கிறதுக்கு மன்னிக்கணும். எங்க பாலிஷிங் யூனிட் ஆபீஸ் சிஸ்டத்துல ஆன் பண்ணின உடனே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கலர் கலரா புள்ளியும் கோடும் வருது. இதுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸா? ஹீட்சிங்க்ல கல்லு மாவு அப்பிக் கெடக்கு.

ஓசூர்_சர்வீஸ்:
உங்களுது வேற கதை. பயாஸ் ஸ்கிரீன்லயே வந்தா டிரைவர் மேல பழி போட முடியாது. கேபிளையும் மானிட்டரையும் மாத்திப் பாருங்க. விண்டோஸ் வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற போன்ல பாருங்க. படத்துலயும் புள்ளி இருந்தா கார்டுதான், அதுலயும் அதோட மெமரி மேலதான் சந்தேகம். படம் சுத்தமா இருந்தா கேபிள், மானிட்டர், கார்டோட அவுட்புட் பக்கம் பாருங்க. மெமரி சிப் மாத்துற வேலை நம்மூர் பக்கம் எல்லாரும் செய்யிறதில்ல. கார்டு பழசுன்னா செலவும் கட்டுப்படியாகாது.

கல்லு மாவை ப்ளோயர்ல ஊதுங்க, ஃபேன் இறக்கையை விரலால புடிச்சுக்கிட்டு. சுத்த விட்டா பேரிங் போயிடும். ஈரத் துணி வேண்டாம், அந்த மாவு நனைஞ்சா இடுக்குல இறுகிடும்.

காவேரிப்பட்டணம்_ஸ்டூடியோ:
அண்ணா, போர்டு எச்டிஎம்ஐல எக்ஸ்போர்ட் மெதுவா போச்சு, ஆனா முழுசா முடிஞ்சுது. இன்னிக்கு 550 வாட் மாட்டி, கார்டையும் போட்டு ஒரு முழு கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன். நிக்கல. சூடு 74 டிகிரி தாண்டல. கார்டு சாக்கெட் பின் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, பழுப்பு இல்ல. எர்த் பாக்க ஆள் வர்றார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வேற சிஸ்டத்துல போடலாமா?

ஓசூர்_சர்வீஸ்:
கார்டு இல்லாத பில்லிங் கம்ப்யூட்டருக்குன்னா போடலாம், குழைஞ்ச மோலெக்ஸ் இருக்கிற ஒயரை மட்டும் எதுலயும் மாட்டாம. எனக்குக் கேட்டா எடைக்குப் போட்டுடுவேன். கன்வெர்டரை வெட்டிட்டுக் குப்பையில போடுங்க, கடையில சும்மா கெடந்தா யாராவது எடுத்து மாட்டிடுவாங்க.