கம்பெனிக் கதைகளில் கணக்கெழுதியவர்கள் எங்கே? சனிக்கிழமைக் குழுவுக்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள்

டர்பன் வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் நாங்கள் ஏழு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்து தமிழில் பேச வேண்டும், அதுதான் விதி. ஐந்து பேர் இங்கேயே பிறந்தவர்கள். பாட்டி காலத்தோடு வீட்டில் தமிழ் நின்றுபோய், வளர்ந்த பிறகு எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டவர்கள். நான் 2008 இல் கல்யாணமாகி பாளையங்கோட்டையிலிருந்து வந்தவள்.

போன மாதம் ராப் ரோஸ் எழுதிய 'ஸ்டைன்ஹைஸ்ட்' படித்தோம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் இருந்துகொண்டு உலகம் முழுக்கக் கடை வாங்கி, பொய்க் கணக்கில் விழுந்த ஸ்டைன்ஹாஃப் கம்பெனியின் கதை. 2017 டிசம்பர் 5 அன்று தலைமை நிர்வாகி மார்கஸ் யூஸ்டே விலகினார், மறுநாளே பங்கு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணமும் அந்தப் பங்கில் இருந்தது. எங்கள் குழுவில் இரண்டு பேர் ஆசிரியைகள், அதனால் அந்தப் பக்கங்களைச் சத்தமாகவே வாசித்தார்கள். நல்ல புத்தகம், விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் இரண்டு மணி நேரமும் பேச்சு யூஸ்டேயைச் சுற்றியே நடந்தது. அவருடைய பந்தயக் குதிரைகள், அவருடைய நண்பர்கள், அவருடைய கோபம். "இத்தனை பொய்க் கணக்கையும் உட்கார்ந்து தட்டியது யார்?" என்று கேட்டேன். யாருக்கும் பதில் தெரியவில்லை. டீ வந்தது, பேச்சு மாறிவிட்டது.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2011 இல் இங்கே ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பிப்ரவரியோடு வருடக் கணக்கு முடியும். 2012 இல் அது லீப் வருடம், 29 ஆம் தேதி மாலை நாலரை மணி இருக்கும். எனக்கு மேலே இருந்த அம்மா பதினொரு இன்வாய்ஸ்களை மேசையில் வைத்து, "இன்றைய தேதியிலேயே போட்டுவிடு" என்றார். சரக்கு கிடங்கை விட்டுக் கிளம்பவே இல்லை. ஒரு டெலிவரி நோட்கூடக் கிடையாது. கேட்டேன். "வண்டி நாளைக்குப் போகும்மா, எல்லாம் நமக்குத் தெரிந்த வாடிக்கையாளர்தானே" என்றார். கெட்ட மனுஷி இல்லை. நான் சேர்ந்த முதல் வாரம் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எனக்குப் பாதி கொடுத்தவர். போட்டேன். மார்ச் முதல் வாரத்தில் அதே பதினொன்றுக்கும் கிரெடிட் நோட், அதாவது அந்த விற்பனையை ரத்து செய்யும் சீட்டு, போடச் சொன்னார்கள். அதையும் போட்டேன். அடுத்த பிப்ரவரியில் பதினொன்று இருபத்தாறு ஆயிற்று. இந்த முறை யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2014 இல் கம்பெனியை மூடினார்கள். கிடங்கில் மட்டும் நாற்பது பேருக்கு மேல் வேலை போனது. அதில் பலர் எங்கள் தெருவைச் சுற்றி இருந்தவர்கள். அந்தக் கணக்கைக் காட்டித்தான் வங்கிக் கடனை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. குழுவில் யாரிடமும் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். முதலாளி எப்படி வளர்ந்தார், எப்படி விழுந்தார் என்பது போதும். நாலரை மணிக்கு அந்த மேசையில் இருந்தவர் என்ன நினைத்தார், ஏன் போட்டார் என்று சொல்கிற புத்தகம் உண்டா?

ஜோபர்க் தணிக்கை எழுதியது:

அக்கா, வணக்கம். ஒன்பது வருடமாக ஆடிட் வேலையில் இருக்கிறேன். ஒரு விற்பனை எந்த வருடக் கணக்கில் சேர வேண்டும் என்று பிரிப்பதற்கு எங்கள் தொழிலில் கட்-ஆஃப் என்று பெயர், நீங்கள் சொன்னது அதில் நடக்கும் தப்பு. வருடக் கடைசி நாட்களின் இன்வாய்ஸ், அதற்குரிய டெலிவரி நோட், அடுத்த மாதத்து கிரெடிட் நோட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் கொடுக்கும் வேலைகளில் அது ஒன்று. உங்கள் கம்பெனியில் ஆடிட்டர் இதைப் பார்க்காமல் விட்டது அவர் பொறுப்பு. அதை முழுக்க உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்கும் புத்தகம் இருக்கிறது. சிந்தியா கூப்பர் எழுதிய 'எக்ஸ்ட்ராஆர்டினரி சர்கம்ஸ்டன்சஸ்', 2008 இல் வந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் கிளிண்டன் என்ற சின்ன ஊர். அங்கே வேர்ல்ட்காம் என்ற பெரிய தொலைபேசிக் கம்பெனி. கூப்பர் அதன் உள் தணிக்கைத் தலைவி. மற்ற தொலைபேசிக் கம்பெனிகளின் கம்பியைப் பயன்படுத்துவதற்கு வேர்ல்ட்காம் மாதாமாதம் பணம் கட்டும். அது செலவு. அந்தச் செலவைச் சொத்து என்று எழுதினார்கள். நீங்கள் மாதம் கட்டும் வாடகையை, வீடு வாங்கிய பணம் என்று எழுதி வைத்த மாதிரி. செலவு மறைந்துவிடும், லாபம் பெரிதாகத் தெரியும். 2002 ஜூனில் வெளியே வந்த தொகை 3.8 பில்லியன் டாலர். தோண்டத் தோண்ட 11 பில்லியன் வரை போனது. ஜூலையில் கம்பெனி திவால். கூப்பரும் அவருடைய ஆட்களும் இரவில், யாருக்கும் தெரியாமல், பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடிய பக்கங்களை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன்.

உங்களுக்காக இதைச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. அந்தப் பதிவுகளைப் போட்டவர்களில் ஒருவர் கணக்குப் பிரிவில் நடுத்தரப் பதவியில் இருந்த பெண். முதலில் மாட்டேன் என்றார். ராஜினாமாக் கடிதம்கூட எழுதினார். குடும்பத்தில் அவர் சம்பளம்தான் பெரியது, மருத்துவக் காப்பீடும் அவர் வேலையோடு வந்தது. இந்த ஒரு தடவைதான் என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். கடிதத்தைக் கொடுக்காமலே இருந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு காலாண்டும் அதே கதை. 2005 இல் அவருக்கு ஐந்து மாதச் சிறை. தலைவர் பெர்னி எபர்ஸுக்கு 25 வருடம். ஒரே ஊர்க்காரர்கள், தினமும் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் கூப்பர் இவர்களை வில்லன்களாக எழுதவில்லை.

கணக்கு மோசடியில் விழுந்த அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரான் பற்றிய 'தி ஸ்மார்ட்டஸ்ட் கைஸ் இன் தி ரூம்' உத்திகளைப் புரிந்துகொள்ள நல்லது. வீடியோ வாடகைக் கம்பெனியான பிளாக்பஸ்டரோடு போட்ட 20 வருட ஒப்பந்தத்தில் வராத லாபத்தை, 110 மில்லியன் டாலரை, முன்கூட்டியே எழுதிக்கொண்ட விஷயமெல்லாம் தெளிவாகப் புரியும். ஆனால் அதுவும் மேல்மாடிக் கதைதான்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வி என்னை வேறு பக்கம் கொண்டுபோனது. கம்பெனி அதிகாரம் என்றதும் எல்லோரும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போவார்கள். வில்லியம் டால்ரிம்பிளின் 'தி அனார்க்கி' நல்ல வாசிப்பு. ஒரு வியாபாரக் கம்பெனி 1765 இல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையை வாங்கியது, ஏழே வருடத்தில் கடனில் மூழ்கி பிரிட்டிஷ் அரசிடம் கை நீட்டியது என்பதெல்லாம் வரும். அதைப் பிறகு படியுங்கள்.

நம் ஊர்க் கதையில் கணக்கெழுதியவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அஷ்வின் தேசாயும் கூலம் வாஹித்தும் எழுதிய 'இன்சைட் இந்தியன் இண்டென்ச்சர்' எடுங்கள். சென்னையிலிருந்து கிளம்பிய டுரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். கடைசி இலக்கம் வரை இவ்வளவு சரியாக எப்படித் தெரியும்? எழுதிவைத்தார்கள். ஆளுக்கு ஓர் எண், அப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பில் எங்கே தழும்பு. என் கொள்ளுத்தாத்தாவின் வரியை ஆவணக் காப்பகத்தில் பார்த்தேன். எண் அழகான கையெழுத்தில் இருந்தது, ஊர்ப் பெயர் தப்பாக இருந்தது. அந்த ஊர் எது என்று இன்றுவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்துக் கணக்கு இன்னும் கொடுமை. முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். அதையும் ஒருவர் உட்கார்ந்து கூட்டிக் கழித்திருக்கிறார். அவரும் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். உங்கள் குழுவில் அந்த ஐந்து பேருக்கு இந்தப் புத்தகம் சொந்த வீட்டுக் கதை, அதனால் பேச்சு யாரோ ஒரு பெரிய மனிதனின் குதிரையில் போய் நிற்காது.

லெனேசியா மீனா எழுதியது:

அக்கா, 'மாட்டேன்' என்று சொன்னவர் கதையும் ஒன்று வேண்டும். சிந்தியா ஸ்டிம்பெல் எழுதிய 'ஹைஜாக்கர்ஸ் ஆன் போர்ட்'. தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் நிதிப் பிரிவில் இருந்தவர். 15 பில்லியன் ராண்ட் கடன் ஏற்பாடு செய்ய ஒரு சின்ன கம்பெனிக்கு 256 மில்லியன் ராண்ட் கட்டணம் கொடுக்கப் பார்த்ததை 2016 இல் எதிர்த்தார். பணம் தப்பியது, அவர் வேலை போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பபிதா தேவ்கரணை மறந்துவிடாதீர்கள். ஜோபர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் சுகாதாரத் துறையில் கணக்கு பார்த்தவர், டர்பனில் நம் ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெண். சந்தேகமான பட்டுவாடாக்களை நிறுத்தச் சொன்னார். 2021 ஆகஸ்ட் 23 அன்று மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியபோது வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். நீங்கள் அன்று போட்டீர்கள் என்பதற்காக உங்களையே திட்டிக்கொள்ளும்போது இந்த நாட்டில் 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு என்ன விலை என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

டர்பன் வாசகி எழுதியது:

தம்பி, ஐயா, மீனா, மூவருக்கும் நன்றி. அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பற்றிப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. நான் கடிதம் எழுதும் அளவுக்குக்கூடப் போகவில்லை.

முதலில் கூப்பர். அதற்கு அடுத்த மாதம் தேசாய், வாஹித். ஐயா, அன்று நீங்கள் வர முடியுமா? மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம்தான், திரும்பக் கொண்டுவிட என் வீட்டுக்காரர் வருவார். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அந்த வரியையும் எடுத்து வாருங்கள். ஊர்ப் பெயர் தப்பாக இருந்தால் ஏழு பேரும் சேர்ந்து உரக்கப் படித்துப் பார்ப்போம், திருநெல்வேலிப் பக்கம் என்றால் எனக்குப் பிடிபடலாம்.

மீனா, பபிதாவைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே குழுவில் வாசிக்கலாமா? ஃபீனிக்ஸில் இருந்து வருகிற ஒருவர் எங்களோடு இருக்கிறார்.

இந்த முறை பேச்சை நான் தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வெற்று இன்வாய்ஸும் ஒரு கிரெடிட் நோட்டும் ஏழு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எப்படிச் செய்தேன் என்று தேதி போட்டுக் காட்டப் போகிறேன். கூப்பர் புத்தகம் டர்பனில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இப்போதைக்கு ஒரே பிரதிதான் கிடைத்திருக்கிறது.