மறு: கட்டடங்களுக்கான 'கமிஷனிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெரிய கட்டடங்களின் ஏ.சி., காற்றோட்டம், விளக்குக் கட்டுப்பாடு இவற்றோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தபோது, முதல் பக்கத்திலேயே என்னை மறித்து நின்ற சொல்லும் இந்தக் 'கமிஷனிங்'தான் – கட்டடத்தின் கருவிகள் கேட்டபடி வேலை செய்கின்றனவா என்று சோதித்துத் திருத்தும் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அகராதிகளில் 'ஆணையிடுதல்' இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். கமிஷன் என்றால் ஆணையமும் உண்டு, தரகும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்குப் பல பொருள் இருப்பதால் அதில் ஒன்றைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறோம். கட்டடத் துறைக்கு இந்தச் சொல் கடற்படை வழியாக வந்தது. கட்டி முடித்த போர்க்கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்து, குறைகளைத் தீர்த்த பிறகுதான் படையில் சேர்ப்பார்கள். அந்த ஓட்டிப் பார்த்தலும் குறை தீர்த்தலும்தான் நமக்கு வேண்டும். கட்டடத்துக்கு ஆணையிட்டு என்ன பயன்? அது கேட்கவா போகிறது!

> 'இயக்கத் தொடக்கம்' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் என் முக்கியமான மறுப்பே இங்கேதான். சுவிட்சைப் போட்டு மோட்டார் சுற்றுகிறதா என்று பார்ப்பது தொடக்கம். அதற்கு ஸ்டார்ட்-அப் என்று தனிப்பெயர் இருக்கிறது. கமிஷனிங் என்பது வேறு. உரிமையாளர் என்ன கேட்டார், வடிவமைத்தவர் என்ன வரைந்தார், கட்டடம் இப்போது என்ன செய்கிறது – இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒத்துவராததைத் திருத்தி, திரும்பச் சோதித்து, எழுதியும் வைப்பது.

ஒரு காட்சி சொல்கிறேன். காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் ஒரு ஏ.சி. பெட்டி; அதில் வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர், அதாவது திறந்து மூடும் தகடு. கட்டுப்பாட்டு அறையின் திரையில் '100 சதவீதம் திறப்பு' என்று பச்சையில் காட்டுகிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், மோட்டாரின் தண்டு ஒழுங்காகத் திரும்புகிறது. தண்டையும் தகட்டையும் இணைக்கும் கவ்வி தளர்ந்துபோனதால் தகடு அசையவே இல்லை. இன்னொரு ஏ.சி. பெட்டியில் குளிர்நீர் வால்வு 'மூடியிருக்கிறது' என்றது திரை. கையை வைத்தால் வால்வுக்கு அப்பாலும் குழாய் சில்லென்று வியர்த்திருந்தது. குளிர்நீர் கசிந்து காற்றைத் தேவைக்கு மேல் குளிர்விக்க, அதைச் சரிக்கட்ட அடுத்த குழாய்ச்சுருளில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் இருப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது, வெப்பநிலை மிகச் சரியாக இருக்கும். மின்கட்டணம் மட்டும் இரண்டு பக்கமும் ஏறும். இரண்டு பெட்டிகளுக்கும் 'கமிஷனிங் முடிந்தது' என்று ஒப்பந்ததாரரின் கையெழுத்துப் போட்ட தாள் கோப்பில் பத்திரமாக இருந்தது!

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வோம் என்பவர்களுக்கும் இதுவே பதில். களத்தில் பாதிப் பேருக்கு கமிஷனிங் என்றால் 'ஓட விட்டாச்சு' என்றுதான் பொருள். அந்தச் சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. நல்ல தமிழ்ச்சொல் கிடைத்தால் விளக்கம் சொல்லும் வேலை பாதி குறையும்.

இன்னொன்று, ஆஷ்ரே (ஏ.சி., காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) 2005-இல் வெளியிட்ட 'வழிகாட்டி 0' இதை ஒரு நாள் வேலையாகச் சொல்லவில்லை. வரைபடத்துக்கு முன்பே தொடங்கி, ஆட்கள் குடிவந்த பிறகும் தொடர்கிற செயல்முறை அது. குளிர்காலத்தில் கட்டி முடித்த கட்டடத்தின் 'சில்லர்' என்ற குளிர்நீர் இயந்திரத்தை முழுச்சுமையில் சோதிக்க அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும். அப்போது செய்வதையும் 'தொடக்கம்' என்போமா?

அப்புறம் பழைய கட்டடங்கள். அவற்றுக்கும் பிற்பாடு கமிஷனிங் செய்வதுண்டு. அதை 'மீள்தொடக்கம்' என்று எழுதினால் எல்லாரும் கணினியை அணைத்துப் போடுவார்கள். ஆனால் பலன் அதிகம் கிடைப்பதே அங்கேதான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2009-இல் 643 கட்டடங்களின் தரவைத் தொகுத்தது. இடைநிலை அளவில் (மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) பழைய கட்டடங்களில் 16 சதவீதமும் புதியவற்றில் 13 சதவீதமும் ஆற்றல் மிச்சம். போட்ட பணம் பழையவற்றில் 1.1 ஆண்டில் திரும்பியது, புதியவற்றில் 4.2 ஆண்டு ஆனது. இதற்காகப் பெரிய இயந்திரம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. யாரோ ஒருவர் புழுக்கம் என்று புகார் சொன்ன நாளில் விசிறியின் சுவிட்சை 'ஆட்டோ'விலிருந்து 'ஹேண்ட்'டுக்குத் திருப்பியிருப்பார்கள். அது வருடக்கணக்காக அப்படியே முழு வேகத்தில் ஓடும். வேகத்தை 80 சதவீதமாக்கினாலே விசிறி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பத் திறன் மாறும் என்பதுதான் காரணம்.

ஆகவே என் உரைகல் இதுதான்: எந்தச் சொல்லானாலும் 'மீள்' என்று முன்னால் ஒட்டிப் பாருங்கள். பொருள் உடைந்தால் அந்தச் சொல் ஆகாது.

> வெள்ளோட்டம்!

இதை முன்வைத்தவருக்கு ஒரு வணக்கம். புதுத் தேரை இழுத்துப் பார்ப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல், கேட்டவுடன் புரிகிறது. எனக்கே மனம் அதில்தான் முதலில் போனது. ஆனால் வெள்ளோட்டம் ஒரு முறைதான். பதினைந்து வருடம் ஓடிய கட்டடத்துக்கு 'மீள்வெள்ளோட்டம்' என்பது நெருடுகிறது. ஸ்டார்ட்-அப்புக்கு இதை வைத்துக்கொள்வோம், வீணாக்க வேண்டாம்.

இழையில் வந்த மற்றச் சொற்களில் 'இசைவாக்கம்' அழகு. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் உயிரினங்கள் சூழலுக்கேற்ப மாறுவதற்கு அது எப்போதோ போய்விட்டது. 'ஒப்பேற்றம்' பற்றி ஒன்றே ஒன்று: பேச்சில் ஒப்பேற்றுவது என்றால் எப்படியோ சமாளிப்பது. இப்போது பல கட்டடங்களில் நடப்பது அதுதான், அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

சரி, என் பரிந்துரை: இயக்கச் செவ்வை.

'செவ்வையாகச் செய்' என்று எல்லாரும் சொல்வோம். ஈழத்து வழக்கில் 'செவ்வை பார்த்தல்' என்றால் பிழை பார்த்துத் திருத்துவது. இதில் எனக்குப் பிடித்தது, பார்ப்பதும் திருத்துவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது. சரிபார்ப்பில் திருத்தம் இல்லை. தணிக்கையில் அறிக்கையோடு வேலை முடிந்தது. செவ்வை என்றால் செவ்வையாகும்வரை விடக்கூடாது.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. வினை, 'செவ்வை பார்'. செய்பவர், செவ்வையாளர். புதிய கட்டடத்துக்கு முதற்செவ்வை. முன்பு செய்ததைத் திரும்பச் செய்தால் மீள்செவ்வை. கட்டியபோது செய்யாமல் விட்டதைப் பிற்பாடு செய்தால் பிற்செவ்வை. இந்தக் கடைசி இரண்டையும் ஆங்கிலத்தில் பொறியாளர்களே குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் 'மீள்', 'பின்' இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கருவிகள் வைத்து இடைவிடாமல் கண்காணித்தால் தொடர்செவ்வை.

குறை இல்லாமல் இல்லை. வேகமாகச் சொன்னால் செவ்வாய்க்கிழமை போல் கேட்கிறது என்று என் சக ஊழியர் ஏற்கெனவே கிண்டல் செய்துவிட்டார். 'செவ்வையாளர்' கொஞ்சம் புலவர் வாடை அடிக்கிறது என்பதும் உண்மை, மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

கையேட்டிலிருந்து ஒரு வரியைப் போட்டுப் பார்த்தேன்: "பிற்செவ்வையின்போது ஒவ்வொரு டேம்பரையும் திரையில் மட்டும் பார்க்காமல், தகடு அசைவதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளவும்." பராமரிப்பில் இருக்கும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். பிற்செவ்வை என்றால் என்ன என்று கேட்கவில்லை. "எத்தனை டேம்பர் சார், ஏணி யார் தருவாங்க?" என்றுதான் கேட்டார்.

அடுத்து எனக்கு வேண்டியது, உரிமையாளர் தனக்கு என்ன தேவை என்று தொடக்கத்திலேயே எழுதித்தரும் ஆவணத்துக்கு ஒரு பெயர். 'தேவைக்குறிப்பு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். 'வேண்டுகைப் பத்திரம்' என்று ஒருவர் சொன்னார், அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. உங்கள் பக்கம் என்ன?